கிளட்ச்சை மிதித்தால் சத்தமா, விட்டால் சத்தமா? கியர்பாக்ஸை இறக்கும் முன் இதைக் கவனியுங்கள்!

'கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்கணும் சார்!' மெக்கானிக் இப்படிச் சொன்னதுமே பலருக்கு வயிற்றைக் கலக்கும். டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்றி, இன்ஜினுக்கு முட்டுக்கொடுத்து, கியர்பாக்ஸைப் பிரித்தெடுப்பது பெரிய வேலை. உள்ளே போயிருப்பது சின்ன பேரிங்தான் என்றாலும் கூலி முழுதாகக் கொடுத்தே ஆக வேண்டும். அதனால், சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று ஓட்டுபவரே கவனித்துச் சொல்லிவிட்டால் வீண் செலவு மிச்சம்.

முதல் சோதனைக்கு காரை நகர்த்தவே வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓட விடுங்கள். ஏ.சி., ரேடியோ எல்லாம் ஆஃப். இப்போது கிளட்ச் பெடலை மெதுவாக மிதியுங்கள்.

மிதிக்க மிதிக்க 'கிர்ர்ர்' என்றோ, கீச்சென்றோ சத்தம் கிளம்பினால், முதல் சந்தேகம் ரிலீஸ் பேரிங் மீது. சுற்றிக்கொண்டிருக்கும் பிரஷர் பிளேட்டை அழுத்துவது இதுதான். பெடலை மிதிக்கும்போதுதான் இதன் மீது முழு பாரமும் ஏறும். சிக்னலில் கியரைப் போட்டு கிளட்ச்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் இருந்தால் இது சீக்கிரம் தேயும். பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டுபவர்களுக்கும் அதே கதிதான்.

இதற்கு நேர்மாறாக, பெடலை விட்டிருக்கும்போது சத்தம் வந்து, முழுதாக மிதித்ததும் நின்றுபோகிறதா? அப்படியென்றால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். நியூட்ரலில் கார் நின்றாலும், கிளட்ச் வழியாக அந்த ஷாஃப்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், மிதித்தால்தான் நிற்கும். ஒரு விஷயம்: பெடலில் காலை லேசாக வைத்த உடனேயே சத்தம் அடங்கினால், அப்போதும் ரிலீஸ் பேரிங்தான் காரணமாக இருக்கலாம். பல கார்களில் அது எப்போதும் பிரஷர் பிளேட்டைத் தொட்டபடியே சுற்றும்.

அடுத்தது ஓட்டிப் பார்க்கும் சோதனை. மூன்றாவது கியரில் மட்டும் ஊளையிட்டால், அந்த கியரின் பற்களைப் பார்க்க வேண்டும். எல்லா கியரிலும் ஊளையிட்டால் முதலில் கியர் ஆயில் அளவு, பிறகுதான் பேரிங். ஆயில் குறைந்து ஓடிய கியர்பாக்ஸ், சின்ன செலவில் முடிய வேண்டியதைப் பெரிய செலவாக்கிவிடும். தரையில் ஆயில் சொட்டியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

காலியான நேர் சாலையில் சற்று வேகமெடுத்து, நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். இன்ஜினை அணைக்கக் கூடாது; பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். இன்ஜின் வேகம் இறங்கியும் அதே உறுமல், கார் ஓடும் வேகத்துக்கு ஏற்ப வந்துகொண்டே இருந்தால், வீல் பேரிங்காகவோ டயராகவோ இருக்கலாம். கியர்பாக்ஸைத் தொடும் முன் நான்கு சக்கரங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி நகரும்போது மட்டும் 'டக் டக்' என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். இதற்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

கியர் மாற்றும்போது 'கரகர'வென்று கடித்தால்? ஒரே ஒரு கியரில் மட்டும் என்றால், அதன் சிங்க்ரோனைசர் தேய்ந்திருக்கும். எல்லா கியரிலும் என்றால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். கேபிள் அட்ஜஸ்ட்மென்ட், ஹைட்ராலிக் என்றால் ஆயில் கசிவு... இவற்றை வெளியிலிருந்தே சரிபார்க்கலாம். ரிவர்ஸ் மட்டும் கடிப்பது பல கார்களில் கோளாறே அல்ல. அவற்றில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோனைசர் கிடையாது. காரை முழுதாக நிறுத்தி, கிளட்ச்சை மிதித்து, இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் போட்டால் சத்தமில்லாமல் விழும். ரிவர்ஸில் போகும்போது கேட்கும் லேசான ஊளையும் பெரும்பாலும் இயல்பானதே. அந்த கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டிருப்பதால் வருவது அது.

இவ்வளவும் பார்த்து, இறக்கித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், ரிலீஸ் பேரிங்கை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் தேய்மானத்தையும், ஃப்ளைவீல் முகத்தையும், கிராங்க் ஆயில் சீலையும் உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள்.