படுக்கையில் கிடப்பவருக்கும் ஒரு மனசு உண்டு!

வைத்தியத்துக்கு நான்கு கால்கள். நோயாளி, வைத்தியர், மருந்து... இந்த மூன்றும் எல்லாருக்கும் தெரியும். நான்காவது கால்? பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறவர்! திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் இந்த நான்கையும் சேர்த்துத்தான் மருத்துவம் என்கிறது. நாமோ, டாக்டருக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியைக்கூட, சோறூட்டி, மலம் அள்ளி, ராத்திரியெல்லாம் கண் விழிக்கிறவருக்குக் கொடுப்பதில்லை.

மலையில் ஒரு மருமகள்

கொல்லிமலை, திண்ணனூர் நாட்டில் பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒரு பெரியவரைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சு வராது. இரண்டு நாளாகக் கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "வெறும் பிடிவாதம்ங்க. மூக்கைப் பிடிச்சு ஊத்திடலாம்" என்றார் உறவுக்காரர் ஒருவர். மருமகள் விடவில்லை. "மாமா சும்மா வேணாங்க மாட்டாரு. வாயில என்னமோ வலிக்குது" என்று டார்ச் அடித்துக் காட்டினார். நாக்கின் ஓரமெல்லாம் புண்!

மாசிக்காயைத் தேனில் உரைத்துப் புண்ணில் தடவச் சொன்னேன். கஞ்சியை நன்றாக ஆறவிட்டு, சற்றுக் கெட்டியாக, ஒவ்வொரு சிறு கரண்டியாகக் கொடுக்கச் சொன்னேன். நாலாம் நாள் பெரியவர் தானாகவே வாயைத் திறந்தார்.

பக்கவாதம் வந்த பலருக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கும். வலுக்கட்டாயமாக ஊற்றினால் கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுவிடும். நடு ராத்திரியில் மூச்சுத் திணறினால், 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் காரவள்ளி அடிவாரத்துக்கே வர முடியும். அந்த ஆபத்தைத் தவிர்த்தது என் மருந்தல்ல, மருமகளின் யோசனை.

42 வருட சாட்சி

அருணா ஷான்பாக்கை நினைத்துப் பாருங்கள். மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையின் இளம் நர்ஸ். 1973 நவம்பர் 27-ல் அங்கேயே ஒரு துப்புரவு ஊழியரின் கொடூரத் தாக்குதலில் மூளை பாதிக்கப்பட்டு, சுயநினைவு திரும்பாத நிலைக்குப் போனார். 2015 மே 18-ல் இறக்கும் வரை, ஏறக்குறைய 42 வருடம் அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் சக நர்ஸ்கள். ஒரு தலைமுறை ஓய்வு பெற, அடுத்த தலைமுறை வந்தது.

'அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த வேண்டும்' என்ற மனுவை 2011 மார்ச் 7-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. அத்தனை வருடத்தில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை என்று நர்ஸ்களை நீதிபதிகள் பாராட்டினார்கள். பேச முடியாத அருணாவுக்காகப் பேசும் உரிமை, தினமும் தொட்டுப் பராமரித்தவர்களுக்கே உண்டு என்றும் சொன்னார்கள். ரத்த உறவைவிடப் பெரிய உறவல்லவா இது?

உங்கள் வீட்டில்...

* இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். முதுகின் கீழ்ப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு மறையவில்லையா? புண்ணின் ஆரம்பம்! அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். அழுத்தம் படாமல் வைத்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

* நிமிர்த்தி உட்கார வைத்தே ஊட்டுங்கள். அரை மணி நேரம் கழித்துப் படுக்க வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது.

* நேற்று வரை தெளிவாக இருந்தவர் திடீரென்று உளறினால் 'வயசாயிடுச்சு' என்று விடாதீர்கள். காய்ச்சல் இல்லாமலே உள்ளே கிருமித் தொற்று இருக்கலாம்.

* வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ கைமருந்து வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

* பி.பி., சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிட்டு சித்த மருந்து ஆரம்பிக்காதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்! சாப்பாட்டில் ரகசியமாக மருந்து கலப்பதும் வேண்டாம்.

* துணி மாற்றும்போது கதவைச் சாத்துங்கள். "அம்மா, திருப்பட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். பதில் வராவிட்டாலும் கேளுங்கள்.

* அவர் காதுபடவே, "இன்னும் எத்தனை நாளோ..." என்று பேசாதீர்கள். பேச்சு வராதவருக்கும் காது கேட்கலாம்!

கடைசியாக, ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பராமரிப்பு முழுவதையும் ஒரு பெண்ணின் தலையில் கட்டாதீர்கள். தூக்கமில்லாத கைக்குப் பொறுமை வராது. வாரத்தில் இரண்டு இரவு நீங்கள் விழித்திருங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பராமரிப்பு உதவி செய்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளைக்கே போய் விசாரியுங்கள்.