நடுங்கும் குரலும் இறைவனுக்கே
(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. வாசகம்: திருத்தூதர் பணிகள் 16:22-34)



ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் முடிகிறது. அடுத்துப் பதிலுரைப் பாடல். பல பங்குகளில், குறிப்பாகக் கிளைக்கிராமக் கோவில்களில், அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். பாடகர் குழுவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "நீ போ", "நீங்க போங்க அக்கா" என்று முணுமுணுப்பு எழும். கடைசியில் எப்போதும் பாடுகிற அதே ஒருவர்தான் எழுந்து போவார். அவர் வராத வாரத்தில் பாடலை யாராவது வாசித்து முடித்துவிடுவார்கள். பாடத் தெரிந்தவர்கள் கோவிலுக்குள்ளேதான் இருக்கிறார்கள். முன்னால் போய் நிற்கத்தான் பயம். அந்தப் பயத்தைப் பற்றி இன்று சிந்திப்போம்.

கள்ளக்குறிச்சிப் பகுதியில் பாட்டுக்குப் பஞ்சம் கிடையாது. கோமுகி அணைத் தண்ணீர் பாயும் வயல்களில் நடவு நட்ட நம் தாய்மார்களைக் கேளுங்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். மேலே கல்வராயன் மலையில், வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து ஊர்களில், திருவிழா என்றால் பாட்டும் ஆட்டமும் வேண்டும். வயலில் இருபது பேர் நடுவில் கூச்சமின்றிப் பாடுகிற அதே அம்மா, கோவிலில் மைக் முன்னால் நின்றால் வாய் உலர்ந்துபோகிறார். ஏன்?

வயலில் யாரும் கைகட்டி நின்று அவர் குரலுக்கு மதிப்பெண் போடுவதில்லை. எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். மைக் முன்னால் போனதும், "எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு இன்னொரு கவலையும் உண்டு. "என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களோ? மலைக்காரப் பிள்ளை என்று சொல்வார்களோ?" இந்தப் பயம் குரலோடு நிற்பதில்லை. "நான் இந்த இடத்துக்கு உரியவள்தானா?" என்ற கேள்வி வரைக்கும் போகிறது.

இந்தப் பயம் உடலில் எப்படி வேலை செய்கிறது? ஆபத்து வந்தால் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடல் தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, கை நடுங்குகிறது. மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடுகிறது. தொண்டைத் தசைகள் இறுகுகின்றன. பாடுவதற்கு நீண்ட மூச்சும் தளர்ந்த தொண்டையும் வேண்டும். பயம் அந்த இரண்டையும்தான் முதலில் பறிக்கிறது. ஆகவே குரல் நடுங்குவதை வைத்துத் திறமை இல்லை என்றோ விசுவாசம் இல்லை என்றோ சொல்லிவிட முடியாது.

உலகப் புகழ் பெற்றவர்களுக்கும் இது உண்டு. பாப்லோ கசால்ஸ் என்ற செல்லோ இசைக் கலைஞர் 1901-இல் அமெரிக்காவில் ஒரு மலையேறியபோது, பாறை ஒன்று உருண்டு அவருடைய இடது கையை நசுக்கியது. அந்த நொடியில் தம் மனதில் முதலில் எழுந்தது, இனிமேல் மேடையில் வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பயம்! கை குணமானது. அவர் மீண்டும் மேடையேறினார். 1971-இல், தமது 94-ஆம் வயதில், ஐக்கிய நாடுகள் அவையில் வாசித்தார். மேடைப் பயம் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டுப் போகவில்லை. பயம் போகட்டும், பிறகு பாடுவேன் என்று அவர் காத்திருந்தால், உலகம் அவர் இசையைக் கேட்டிருக்காது.

இனி இன்றைய வாசகத்துக்கு வருவோம். பிலிப்பி நகரச் சிறையில் பவுலும் சீலாவும் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டுக் கிடக்கிறார்கள். நள்ளிரவில் கடவுளுக்குப் புகழ்ப்பா பாடுகிறார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். கவனியுங்கள்: அவர்கள் பாடியது கடவுளுக்கு. கைதிகள் கேட்டார்கள், அவ்வளவுதான். பாட்டு யாருக்கு என்பது தெளிவாக இருந்ததால், கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற சுமை அவர்களுக்கு இல்லை. இதே பவுல்தான் பின்னர், தாம் கொரிந்து நகருக்கு அச்சத்தோடும் நடுக்கத்தோடும் வந்ததாக எழுதுகிறார் (1 கொரி 2:3). நடுங்கிக்கொண்டே வந்தார், ஆனாலும் வந்தார்.

பதிலுரைப் பாடல் கச்சேரி அன்று. இறைவன் தம் வார்த்தையில் பேசினார். மக்கள் பதில் சொல்கிறார்கள். முன்னால் நிற்பவர் அடி எடுத்துக் கொடுக்கிறார். மக்கள் வாங்கிப் பாடுகிறார்கள். நடவுப் பாட்டும் இப்படித்தானே! மக்கள் முழுமையாகவும் செயல்முறையிலும் வழிபாட்டில் பங்கேற்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் கேட்டுக்கொண்டது. அப்படியானால் பீடத்துக்கு எதிரே ரசிகர் கூட்டம் என்று ஒன்று இல்லை. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் பாடகர் குழு.

இந்த மனநிலையோடு சில பயிற்சிகளும் தேவை.

முதலாவது, வார்த்தைகளைப் பலமுறை வாய்விட்டு வாசியுங்கள். பொருள் புரிந்தால் உச்சரிப்பும் திருந்தும். சொல் மறந்துவிடுமோ என்ற பயமே பாதிப் பயம்.

இரண்டாவது, படிப்படியாக வாருங்கள். முதலில் வீட்டுச் செபத்தில், பிறகு அன்பியக் கூட்டத்தில், பிறகு வாரநாள் திருப்பலியில், அதன் பின் ஞாயிறன்று. முதல் சில தடவை இன்னொருவரோடு சேர்ந்து பாடுங்கள். பேச்சுத் தடுமாறிய மோசேக்கும் கடவுள் ஆரோனைத் துணையாகக் கொடுத்தார்.

மூன்றாவது, சனிக்கிழமை மாலை ஆளில்லாத கோவிலில், அதே இடத்தில், அதே மைக்கில் பாடிப் பாருங்கள். கீபோர்டு வாசிப்பவரிடம் உங்களுக்கு எட்டுகிற சுருதியைச் சொல்லிவிடுங்கள். பயத்தில் குரல் மேலே ஏறாது. சற்றுத் தாழ்ந்த சுருதியே நல்லது.

நான்காவது, எழுந்து போகும் முன் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். நான்கைந்து முறை போதும். முதல் அடியைப் பாடி முடித்து மக்கள் பதில் சொன்னதும் படபடப்பு இறங்கத் தொடங்கும்.

ஐந்தாவது, தவறு நேர்ந்தால் நிறுத்தாதீர்கள்; சிரித்துச் சமாளிக்கவும் வேண்டாம். அடுத்த அடிக்குப் போய்விடுங்கள்.

பாடாமல் கீழே அமர்ந்திருக்கும் நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஒரு பிள்ளை சுருதி தப்பும்போது நாம் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தால், அந்தப் பிள்ளை மறுபடி அந்தப் படி ஏறாமலே போகலாம். பல்லவியை நாம் உரக்கப் பாடினால், நடுங்கும் குரலுக்கு அது ஊன்றுகோல். திருப்பலி முடிந்ததும் பெற்றோரும் பாடகர் குழுத் தலைவரும் முதலில் சொல்ல வேண்டிய சொல் பாராட்டு. திருத்தம் அடுத்த ஒத்திகையில் போதும்.

இசையின் பாதுகாவலி புனித செசிலியாவின் விழாவை நவம்பர் 22-இல் கொண்டாடுகிறோம். தம் திருமண நாளில் இசைக்கருவிகள் முழங்க, அவர் உள்ளத்துக்குள் ஆண்டவருக்குப் பாடினார் என்பது மரபு. எந்தக் காதும் கேளாத அந்தப் பாட்டுக்காகவே அவரை நினைக்கிறோம்.

செபிப்போம்: ஆண்டவரே, இறுதி இரவு உணவுக்குப் பின் சீடரோடு புகழ்ப்பா பாடிவிட்டு ஒலிவ மலைக்குப் போனீரே. சாவை எதிர்நோக்கிய நேரத்திலும் பாடிய நீர், பாட எழும் எங்கள் பிள்ளைகளோடு நில்லும். கேட்கும் எங்கள் செவிகளுக்கு அன்பைத் தாரும். ஆமென்.