கடை கிடைத்தவர்கள் கரையேறினார்கள். முகாமில் இருப்பவர்கள் கதி என்ன?

பர்மா பஜார் சொல்லும் பாடம்! வெளிநாட்டு ஆராய்ச்சியும் அதையே சொல்கிறது!!

சென்னை பீச் ரெயில் நிலையத்துக்கு எதிரே, ராஜாஜி சாலை ஓரமாக வரிசை வரிசையாகக் கடைகள். செல்போன் உறை, சார்ஜர், வாட்சு, சென்ட் பாட்டில், பொம்மை என்று எல்லாம் தொங்குகின்றன. "வா சார், என்ன வேணும்? சும்மா பாத்துட்டுப் போ சார்!" என்று நாலு பக்கமும் குரல்.

சாயங்காலம் ஆனால் பக்கத்துத் தெருக்களில் அத்தோ வண்டிகளைச் சுற்றிக் கூட்டம். நூடுல்சில் கோசும் வெங்காயமும் வறுத்த பூண்டும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப்பு.

இதுதான் பர்மா பஜார். மின்சார ரெயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் தினமும் இதைத் தாண்டித்தான் போகிறார்கள். ஆனால் இந்தக் கடைகள் யாருக்காக, எப்படி வந்தன என்பது பலருக்கு மறந்துவிட்டது.

நாட்டை விட்டு வந்தவர்களை ஒரு ஊர் எப்படி ஏற்றுக்கொள்கிறது, அவர்கள் எப்படிக் காலூன்றுகிறார்கள் என்று உலகம் முழுவதும் ஆராய்ச்சி நடக்கிறது. அந்த ஆராய்ச்சி சொல்வதற்கு நம் ஊரிலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. ஒன்று பர்மா பஜார். இன்னொன்று கும்மிடிப்பூண்டி, புழல் போன்ற இடங்களில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்கள்.

கப்பலில் வந்தவர்கள்

1962-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் பாங்கிகள், மில்கள், மொத்த வியாபாரம், கடைசியில் சில்லறைக் கடைகள்கூட அரசுடைமை ஆயின.

1964 மே மாதம் இன்னொரு அடி. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக ரங்கூனில் கடை வைத்திருந்த தமிழர்கள் ஒரே நாளில் வெறுங்கை ஆனார்கள்.

அவர்கள் கப்பல் ஏறி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். வரும்போது எடுத்துவர விட்டது சொற்பம். நகை நட்டு, சேமிப்பு எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன.

இங்கே வந்தவுடன் எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. "இந்த ஊர் ஒத்துவராது" என்று சிலர் மறுபடியும் பர்மாவுக்கே போகக் கிளம்பினார்கள். மணிப்பூர் எல்லை வரை போனவர்களை பர்மாக்காரர்கள் உள்ளே விடவில்லை. திரும்பி வரவும் மனமில்லை. எல்லையிலேயே மோரே என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேசுவரி கோவிலும் இருக்கின்றன.

கையில் கிடைத்தது என்ன?

சென்னையில் தங்கியவர்களுக்கு மூன்று காரியங்கள் நடந்தன.

முதலாவது, பெயர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் அந்நியர் அல்ல. "தாயகம் திரும்பியோர்" என்று பதிவு செய்தார்கள். ஓட்டு உண்டு. வேலைக்கு மனுப் போடலாம். எங்கே வேண்டுமானாலும் குடியிருக்கலாம்.

இரண்டாவது, கடன். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்காகவே 1969-ல் சென்னையில் ஒரு கூட்டுறவு பாங்கி தொடங்கப்பட்டது. அதுதான் ரெப்கோ வங்கி. இன்றைக்கு யார் யாரோ அங்கே நகைக்கடன் வாங்குகிறார்கள். அது யாருக்காகப் பிறந்தது என்பது பெயரிலேயே இருக்கிறது!

மூன்றாவது, இடம். அதே 1969-ல்தான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடை போட இடம் கிடைத்து பர்மா பஜார் உருவானது. குடியிருக்க வியாசர்பாடி போன்ற இடங்களில் காலனிகள் எழுந்தன.

எழுபது, எண்பதுகளில் 'பாரின் சாமான்' என்றால் பர்மா பஜார்தான். டேப்ரெக்கார்டர், நைலான் புடவை, சென்ட் என்று எல்லாம் கிடைத்தது. சுங்க இலாகா சோதனை, பறிமுதல் என்று பத்திரிகைகளில் அடிக்கடி அடிபட்டது. 1991-க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. பாரின் சாமான் மவுசு போனது. கடைக்காரர்கள் சி.டி.க்கு மாறினார்கள், பிறகு செல்போனுக்கு மாறினார்கள். கடை கையில் இருந்ததால் மாற முடிந்தது.

பத்துப் பாடம், எத்தனை மார்க்?

வந்தவர்கள் ஒரு ஊரில் கலந்துவிட்டார்களா, இல்லையா? இதை எதை வைத்து அளப்பது?

2008-ம் ஆண்டு அலஸ்டர் ஏகர், அலிசன் ஸ்ட்ராங் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பத்து அம்சங்கள் கொண்ட ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அகதிகள் வாழும் பகுதிகளில் விசாரித்து எழுதியது அது. உலகம் முழுக்க இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள்.

வேலை, வீடு, படிப்பு, வைத்தியம் ஆகியவை நான்கு. தன் இனத்தாரோடு உறவு, உள்ளூர்க்காரரோடு உறவு, அரசு அலுவலகங்களோடு தொடர்பு ஆகியவை மூன்று. மொழியும் ஊர் வழக்கமும் தெரிந்திருப்பது ஒன்று. பயமில்லாமல் நிலையாக இருப்பது ஒன்று. பத்தாவது, உரிமையும் குடியுரிமையும்.

இதில் அந்தப் பத்தாவதைத்தான் அடித்தளம் என்கிறார்கள். அது இல்லாவிட்டால் மேலே கட்டுகிற ஒன்பதும் ஆடிக்கொண்டே இருக்கும்.

காத்திருந்தால் கை மரத்துப் போகும்

சுவிட்சர்லாந்தில் அடைக்கலம் கேட்டு மனுப் போட்டவர்களைப் பற்றி 2016-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. சிலருக்குச் சில மாதத்தில் பதில் கிடைத்தது. சிலர் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

பதில் வருவது ஒரு வருடம் தள்ளிப்போனால், பின்னால் அவர்களில் வேலைக்குப் போகிறவர்களின் அளவு 100-க்கு 4 முதல் 5 பேர் வரை குறைந்துபோகிறது என்று தெரியவந்தது. ஆள் அதே ஆள்தான். 'நாளைக்கு என்ன ஆகுமோ' என்று உட்கார்ந்திருந்ததுதான் வித்தியாசம்.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் கண்ணைத் திறக்கும். யூகோஸ்லாவியாவில் சண்டை வந்து ஓடி வந்தவர்கள் அவர்கள். அடைக்கலம் கேட்டவர்கள் குறிப்பிட்ட காலம்வரை வேலைக்குப் போகக்கூடாது என்று அங்கே தடை இருந்தது. சட்டம் மாறியதால், 1999-ல் வந்தவர்கள் 2000-ல் வந்தவர்களைவிடச் சுமார் 7 மாதம் கூடுதலாகச் சும்மா இருக்க வேண்டியதாயிற்று.

வெறும் ஏழு மாதம்தானே என்று தோன்றும். ஆனால் தடை நீங்கி ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கூடுதலாகக் காத்திருந்தவர்களில் வேலையில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட 100-க்கு 20 பேர் குறைவு! 2018-ல் வெளியான ஆய்வு இது. வேலை செய்தவரின் கையைக் கட்டிப்போட்டால், கட்டை அவிழ்த்த பிறகும் கை உடனே எழவில்லை. அவர்கள் கட்டியிருக்க வேண்டிய வரி போனது. கொடுத்த உதவிப்பணமும் சேர்ந்து அரசுக்குத்தான் நஷ்டம்.

ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு குடும்பம்

கனடா நாட்டில் வேறு வழி. வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து தப்பி வந்தவர்களில் 60 ஆயிரம் பேரை 1979, 1980 ஆண்டுகளில் அந்த நாடு ஏற்றுக்கொண்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைப் பொதுமக்களே பொறுப்பேற்று அழைத்து வந்தார்கள்!

ஐந்து பேரோ, ஒரு சர்ச்சோ சேர்ந்து ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடம் பொறுப்பு. வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கோட்டு எல்லாம் அவர்கள் பாடு. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கவும் பஸ்சில் ஏறிப் போகவும் கூடவே இருந்து காட்டினார்கள். தெரிந்த இடத்தில் சொல்லி வேலையும் வாங்கிக் கொடுத்தார்கள்.

இப்படி வந்தவர்கள், அரசாங்கச் செலவில் வந்தவர்களைவிட முதல் சில ஆண்டுகளில் அதிகம் பேர் வேலைக்குப் போனார்கள், அதிகம் சம்பாதித்தார்கள் என்று கனடாவின் கணக்குகளை வைத்து 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. 1986-ல் ஐ.நா. அகதிகள் அமைப்பின் நான்சென் விருது, கனடா நாட்டு மக்கள் அனைவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

அக்கம்பக்கத்துச் சிநேகிதம் என்பதும் ஒரு முதலீடுதான். நம் ஊரில் இது தெரியாததா? "நம்ம பையன்தான், ஒரு வேலை போட்டுக் குடுங்கண்ணே" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும்.

முகாமில் நாற்பது ஆண்டு

இப்போது இரண்டாவது உதாரணத்துக்கு வருவோம்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் படகில் ராமேசுவரம் வந்தார்கள். மண்டபம் முகாமில் பதிந்து, பல மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். சண்டை மூண்டபோதெல்லாம் மீண்டும் மீண்டும் வந்தார்கள். மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போனார்கள். 2021-ம் ஆண்டுக் கணக்குப்படி 108 முகாம்களில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களும், போலீஸ் நிலையத்தில் பதிவு செய்துவிட்டு வெளியே வாடகை வீட்டில் 34 ஆயிரம் பேரும் இருந்தார்கள்.

அந்தப் பத்துப் பாடத்தில் இவர்களுக்கு எத்தனை மார்க்?

மொழிக்கு முழு மார்க். பேச்சில் யாழ்ப்பாண வாடை, மலையக வாடை இருந்தாலும் தமிழ் தமிழ்தான். படிப்புக்கும் வைத்தியத்துக்கும் நல்ல மார்க். அரசுப் பள்ளி, அரசு ஆஸ்பத்திரி, ரேஷன் அரிசி எல்லாம் உண்டு. மாதப் பணம் உண்டு.

2021 ஆகஸ்டு மாதம் தமிழக அரசு ரூ.317 கோடிக்குத் திட்டம் அறிவித்தது. இடிந்து கிடந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதில் முக்கியம். குடும்பத் தலைவருக்கு மாத உதவி ரூ.1,000-லிருந்து ரூ.1,500 ஆனது. "அகதிகள் முகாம்" என்ற பெயரும் "மறுவாழ்வு முகாம்" என்று மாறியது.

வேலை என்ற பாடத்தில்தான் இடிக்கிறது. முகாம் ஆண்களில் மிகப் பலருக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் தொழில். சாரத்தில் தொங்கிக்கொண்டு மாடிச் சுவரில் வர்ணம் பூசுகிறார்கள். பட்டம் வாங்கிய பிள்ளைகளும் இதில் இருக்கிறார்கள். சர்க்கார் வேலைக்கு மனுப் போட முடியாது. பாஸ்போர்ட் இல்லை. ஓட்டு இல்லை. முகாமில் குறித்த நாளில் ஆள் கணக்கெடுப்புக்கு நிற்க வேண்டும். அன்றைக்கு வெளியூரில் வேலை இருந்தால் கூலி போச்சு!

ஒரே நாள் வித்தியாசம்

பத்தாவது பாடம் குடியுரிமை. அதில் பூஜ்யம்.

1951-ம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்பாட்டில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை.

சட்டத்தில் இன்னொரு விசித்திரம் பாருங்கள். 1987 ஜூலை 1-ந் தேதிக்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்த குழந்தை, பெற்றோர் எந்த நாட்டவரானாலும் பிறப்பால் இந்தியக் குடிமகன். அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்.

அதாவது ஒரே முகாமில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஜூன் 30-ந் தேதி பிறந்தவர் இந்தியர். ஜூலை 1-ந் தேதி பிறந்தவர் அந்நியர்! இரண்டு பேரும் படித்தது ஒரே பள்ளிக்கூடம், அடித்தது ஒரே பெயிண்ட்.

அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கும் இப்போது பிள்ளைகள் பிறந்துவிட்டன. இலங்கையை அவர்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சுவிஸ் ஆராய்ச்சியில் ஒரு வருடக் காத்திருப்புக்கே அவ்வளவு சேதம் என்றால், பிறந்ததிலிருந்து காத்திருப்பவர்களுக்குக் கணக்கு எப்படிப் போடுவது?

டெல்லியின் கையில்

தமிழர்கள் தமிழ்நாட்டில் கலந்துவிடுவதற்கு மொழியோ சாப்பாடோ தடையாக இல்லை. பர்மாக்காரர்கள் அதை ஐம்பது ஆண்டுக்கு முன்பே காட்டிவிட்டார்கள். அவர்கள் கையில் காகிதமும் கடையும் இருந்தன. முகாமில் இருப்பவர்களிடம் அவை இல்லை.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9-ந் தேதி வரை இங்கே வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்பது அதன் சாரம். தலைக்கு மேல் தொங்கிய கத்தி ஒன்று விலகியிருக்கிறது. ஆனால் அது குடியுரிமை ஆகாது.

மாநில அரசு வீடு கட்டித் தரலாம், அரிசி தரலாம், படிக்க வைக்கலாம். குடியுரிமைச் சான்று தரும் அதிகாரம் மத்திய அரசிடம் மட்டுமே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி முகாமில் இந்த ஆண்டு பிளஸ்-2 முடிக்கும் பிள்ளை, படித்த பிறகு படித்த வேலைக்குப் போவதா சாரத்தில் ஏறுவதா என்பது அந்தச் சான்றைப் பொறுத்தே இருக்கிறது.