பெயர் தீர்ந்து போன புயல்கள்!

புயலுக்குப் பெயர் வைப்பார்கள். வைக்கப் பெயரே இல்லாமல் போன ஆண்டு ஒன்று உண்டு. அது 2005-ம் ஆண்டு.

அமெரிக்காவுக்குக் கிழக்கே உள்ளது அட்லாண்டிக் கடல். அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். ஓர் ஆண்டுக்கு 21 பெயர்களை முன்கூட்டியே எழுதி வைத்து விடுவார்கள். ஒன்று ஆண் பெயர் என்றால் அடுத்தது பெண் பெயர்.

அந்த ஆண்டு வந்தவற்றில் பொல்லாதது "கத்ரினா". ஆகஸ்டு 29-ந்தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரம் அதனிடம் சிக்கியது. நகரின் பல பகுதிகள் கடல் மட்டத்தை விடத் தாழ்ந்தவை. வெள்ளத்தைத் தடுக்கக் கரை கட்டி இருந்தார்கள். கரை பல இடங்களில் உடைந்தது! நூற்றுக்கு எண்பது பங்கு ஊர் தண்ணீரில் மூழ்கியது. ஜனங்கள் கூரை மேல் ஏறி நின்று உதவி கேட்டார்கள். அந்தப் புயலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். காற்று செய்த கேட்டை விட, பலம் இல்லாத கரை செய்த கேடுதான் அங்கே அதிகம்.

அக்டோபரில் "வில்மா" வந்தது. அதோடு 21 பெயர்களும் தீர்ந்தன. புயல்கள் தீரவில்லை!

என்ன செய்வது? கிரேக்க எழுத்துக்களைப் பெயராக வைத்தார்கள். ஆல்பா, பீட்டா, காமா என்று போய், ஆறாவது புயல் "சீட்டா" டிசம்பர் 30-ந்தேதி பிறந்தது. புத்தாண்டையும் பார்த்துவிட்டு, 2006 ஜனவரி 6-ந்தேதிதான் ஓய்ந்தது.

பிறகு கணக்கைச் சரிபார்த்தபோது, பெயர் வைக்காமல் விட்டுப்போன புயல் ஒன்றும் அகப்பட்டது. ஆக மொத்தம் 28. 2020-ல் 30 புயல்கள் வந்து அந்தக் கணக்கையும் மிஞ்சின.

"கத்ரினா" என்ற பெயரை இப்போது எந்தப் புயலுக்கும் வைப்பது இல்லை.