வள்ளம் தண்ணீரில் இறங்குமுன்...



சந்தையில் மண்சட்டி வாங்கப் போகிறீர்கள். கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறீர்கள். விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுகிறீர்கள். ‘கணீர்’ என்று ஒலித்தால் கூடையில் வைக்கிறீர்கள். மந்தமாக ஒலித்தால், கடைக்காரர் எவ்வளவு விலை குறைத்தாலும் திருப்பி வைத்து விடுகிறீர்கள். நூறு இருநூறு ரூபாச் சட்டிக்கு இத்தனை கவனம்!

ஆனால் லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வீட்டு ஆண்கள் ஒரு பழைய மோட்டார் வள்ளத்தை வாங்கி வந்து கரையில் நிறுத்தும்போது, அதைத் தட்டிப் பார்த்தார்களா என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. ‘அது ஆண்கள் காரியம்’ என்று ஒதுங்கி விடுகிறோம். அந்த வள்ளத்தின் விலையில் பாதி யாருடைய கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் அடகுக் கடைக்குப் போனது? வள்ளம் திரும்பி வரச் சுணங்கினால் வாசலில் நின்று கடலைப் பார்ப்பது யார்? நீங்கள்தானே! அப்படியானால் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

புங்குடுதீவின் இறுப்பிட்டி போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேலணையையும் புங்குடுதீவையும் தாம்போதி இணைத்தாலும், குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கடல்வழிதான். அனலைதீவு, எழுவைதீவு மக்களின் நிலையும் அதுவே. அங்கெல்லாம் வள்ளம் என்பது மீன் பிடிக்கும் கருவி மட்டுமல்ல. அரிசி மூட்டையும் அதில்தான் வருகிறது. இரவில் நோவெடுத்த கர்ப்பிணியையும் சில வேளை அதில்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வாழ்ந்து, பின்னர் ஊர் திரும்பித் தொழிலை மீண்டும் தொடங்க நினைக்கும் குடும்பங்களுக்கும் புதிய வள்ளம் எட்டாக் கனிதான். பழையதைத்தான் வாங்க வேண்டும். பழையதை வாங்குவது தவறல்ல. பாராமல் இறக்குவதுதான் தவறு.

இரண்டு துயரங்கள்

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் தானூர் என்ற கடலோர ஊர். 2023 மே 7ஆம் நாள் மாலை, ‘அட்லாண்டிக்’ என்ற உல்லாசப் படகு அங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களும். ஒரே குடும்பத்தில் பலர் போய்விட்டனர். அந்தப் படகு பயணிகளுக்காகக் கட்டப்பட்டதே அல்ல. பழைய மீன்பிடிப் படகை மாற்றியமைத்தது என்று பின்னர் தெரிய வந்தது. அளவுக்கு மீறிய ஆட்களும் ஏற்றப்பட்டிருந்தனர்.

நம் நாட்டில் 2021 நவம்பர் 23ஆம் நாள் காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பாலம் கட்டும் வேலை நடந்ததால் மக்கள் ஒரு தற்காலிகப் படகுப் பாதையில் களப்பைக் கடந்து கொண்டிருந்தனர். அது கவிழ்ந்ததில் பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தனர்.

இரண்டு இடங்களிலும் அழிவு நடுக்கடலில் நேரவில்லை. கரைக்கு அருகிலேயே நேர்ந்தது. ‘பக்கத்தில்தானே போகிறோம்’ என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது பார்த்தீர்களா?

ஏன் முதல் இறக்கத்துக்கு முன்?

தரையில் கண்டுபிடிக்கும் குறைக்குச் செலவு பணம் மட்டுமே. அதே குறை கடலில் தெரிய வந்தால் செலவு உயிராகி விடலாம். இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் மார்க்கச் சட்டத்தோடு தொடர்புடையது. விற்கும் பொருளிலுள்ள குறையை அறிந்தும் மறைப்பது ஹராம். வாங்கிய பின், விற்பனைக்கு முன்பே இருந்த, விலையைக் குறைக்கக்கூடிய குறை தெரிய வந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஆனால் நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, குறை தெரிந்ததும் தாமதிக்காமல் அந்த உரிமையைக் கோர வேண்டும். தெரிந்த பிறகும் பொருளைப் பயன்படுத்திக் கொண்டிருந்தால், குறையோடு ஏற்றுக்கொண்டார் என்றாகி உரிமை போய்விடும். எஞ்சினில் பழுதென்று தெரிந்தும் ‘இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்போம்’ என்று கடலில் இறக்கியவர், பிறகு விற்றவரிடம் போய் நியாயம் கேட்பது எப்படி? ஆகவே விலை பேசும்போதே ஒருமுறை, வாங்கி வந்ததும் ஒருமுறை, இறக்குமுன் முழுமையாகப் பார்த்துவிட வேண்டும்.

வள்ளத்தின் வயது

முதல் கேள்வி: ‘இது எந்த ஆண்டு, எந்தத் தளத்தில் கட்டியது?’

போருக்கு முன்னர் நோர்வே மக்களின் உதவியோடு காரைநகரில் இயங்கிய சீநோர் தளத்தில் கட்டிய கண்ணாடியிழை வள்ளங்களை நம் பெரியவர்கள் அறிவார்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் நிலைமை வேறு. உதவிப் பணம் வந்து குவிந்தது. ஆங்காங்கே அவசரமாக வள்ளங்கள் கட்டப்பட்டன. அவற்றில் பல தரம் குறைந்தவை என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு எச்சரித்தது. அந்தக் காலத்து வள்ளங்கள் இன்று இருபது வயதைத் தாண்டி, கை மாறிக் கை மாறி விற்பனைக்கு வருகின்றன. புதிய வர்ணம் பூசியிருந்தால் மயங்க வேண்டாம். விற்பதற்கு முதல் நாள் பூசிய வர்ணம் எதை மூடுகிறது என்று கேட்க வேண்டும்.

தட்டிப் பாருங்கள்

மண்சட்டிக்குச் செய்வதையே வள்ளத்துக்கும் செய்யலாம். ஒரு சிறு மரச்சுத்தியால் அணியத்திலிருந்து பின்பக்கம் வரை சாண் சாணாகத் தட்டிக் கொண்டே போக வேண்டும். கண்ணாடியிழை நன்றாக இருந்தால் ஒலி தெளிவாக, ஒரே மாதிரியாக வரும். திடீரென்று ஓரிடத்தில் மந்தமாக ஒலித்தால், அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். உள்ளே நீர் ஊறியிருக்கலாம். அவ்விடத்தைச் சோக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள். மணலில் இழுத்து இழுத்து அடிப்பகுதி தேய்ந்திருக்கிறதா, பக்கங்களில் சிலந்தி வலை போல வெடிப்பு ஓடுகிறதா, கொப்புளங்கள் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

மிக முக்கியமான இடம் எஞ்சின் தொங்கும் பின்பலகை. வெளியே கண்ணாடியிழை தெரிந்தாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது மரம். ஆணித் துளைகள் வழியாக நீர் புகுந்தால், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே உக்கிப் போயிருக்கும். எஞ்சினைப் பூட்டிய நிலையில் அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பலகை சிறிது அசைந்தாலும், மூலைகளில் வெடிப்பு வாய் திறந்தாலும், அந்த வள்ளம் கடலுக்குப் போகக் கூடாது. பின்பலகை விட்டுக் கொடுத்தால் எஞ்சின் கடலுக்குள் போகும். அதே வழியாகக் கடல் வள்ளத்துக்குள் வரும்.

பிறகு வள்ளத்தைச் சமமான உலர்ந்த மணலில் வைத்து, நீர் வெளியேற்றும் துளையை அடைப்பானால் இறுக்கி, உள்ளே நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். அந்த அளவே அரைத் தொன் பாரம் வரலாம். ஆகவே முட்டுக் கொடுத்து உயர்த்திய வள்ளத்தில் இதைச் செய்யக் கூடாது. நீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுச் சில மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். மட்டம் இறங்கினால், அடி மணல் நனைந்தால், ஒழுக்கு உண்டு.

மூடப்பட்ட மிதவை அறைகளையும் மறக்க வேண்டாம். வள்ளம் நீரால் நிறைந்தாலும் அது மூழ்காமல், ஆட்கள் பற்றிக் கொண்டு மிதக்க உதவுபவை அவைதாம். அவற்றுக்குள் தண்ணீர் சலசலத்தால் அவை பெயரளவுக்குத்தான் இருக்கின்றன.

எஞ்சின் சொல்லும் சேதி

எஞ்சினைத் தரையில் வெறுமனே இயக்கிக் காட்டினால் ‘நல்ல சத்தம்’ என்று மகிழ வேண்டாம். குளிர்விக்கும் நீரை இறைக்கும் ரப்பர்ச் சக்கரம் தண்ணீரில்லாமல் சுழன்றால் சிறிது நேரத்திலேயே கருகிவிடும். எஞ்சினின் காலைத் தண்ணீர் நிறைந்த பீப்பாயில் இறக்கித்தான் இயக்க வேண்டும். இயங்கத் தொடங்கியதும் பக்கத்திலுள்ள சிறு துவாரத்திலிருந்து தண்ணீர் விடாமல் பீச்சி வர வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்த வேண்டும்.

அடுத்தது கியர் எண்ணெய். அடியிலுள்ள திருகைக் கழற்றிச் சிறிது எண்ணெயை வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போல இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. நம் கடல்களில் இதற்கு ஒரு காரணம், சுழல்விசிறியின் பின்னே சுற்றிக்கொள்ளும் தங்கூசி நூல். அது மெல்ல மெல்ல அங்குள்ள ரப்பர் அடைப்பை அறுத்துவிடும். சுழல்விசிறியைக் கழற்றிப் பார்த்தால் நூல் கண்ணில் படும்.

எரிபொருளை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகப் படியும். குழாயையும் கையால் அழுத்தும் ரப்பர்க் குமிழையும் வளைத்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும். எஞ்சின் எண்ணெயைப் பெற்றோலோடு கலந்து ஊற்றும் வகை என்றால், கலக்கும் அளவைத் தயாரிப்பாளரின் கைநூலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பல எஞ்சின்களுக்கு அது 50 லீற்றருக்கு 1 லீற்றர். மண்ணெண்ணெயில் ஓடும் வகையைப் பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு வர வேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை ஒரேயடியாக 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது நினைவிருக்கும். எண்ணெய் அதிகம் குடிக்கும் தேய்ந்த எஞ்சின், வாங்கும்போது மலிவாக இருந்தாலும் மாதக் கணக்கில் வீட்டுச் செலவைத் தின்றுவிடும்.

ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு சில எஞ்சின்களில் உண்டு. இருந்தால், இழுத்ததும் எஞ்சின் நிற்கிறதா என்று பீப்பாயிலேயே சோதிக்க வேண்டும். எஞ்சினை வள்ளத்தோடு பிணைக்கும் காப்புச் சங்கிலியும் இருக்க வேண்டும்.

தாளும் எண்ணும்

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்படி மீன்பிடி வள்ளங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். வள்ளத்தில் எழுதியுள்ள எண்ணும், பதிவுப் புத்தகத்திலுள்ள எண்ணும், எஞ்சினில் பொறித்த இலக்கமும் ஒத்து வருகின்றனவா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் உங்கள் மகளாகவே இருப்பாள்! உரிமையாளர் பெயரைத் திணைக்களத்தில் மாற்றும் வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாமல், சிறு தொகையேனும் நிறுத்தி வைப்பதாக முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வது நல்லது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது அல்லவா?

முதல் நாள்

எல்லாம் சரியென்றாலும் முதல் இறக்கத்தைத் திருவிழா ஆக்க வேண்டாம். பிள்ளைகளை ஏற்றி வலம் வர வேண்டாம். சோழகம் வீசும் மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் தீவுப் பகுதிக் கடல் முரடாக இருக்கும். அப்படியான நாளைத் தவிர்த்து, காற்றில்லாத ஒரு காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அனுபவமுள்ள இருவர் மட்டும், உயிர்காப்பு அங்கி அணிந்து, இடுப்பளவு ஆழமுள்ள இடத்தில் கால் மணி நேரம் ஓட்டட்டும். அருகில் இன்னொரு வள்ளம் நிற்கட்டும். துடுப்பு, நங்கூரமும் கயிறும், தண்ணீர் இறைக்கும் வாளி, விசில், நீர் புகாத பைக்குள் கைத்தொலைபேசி ஆகியவை முதல் நாளிலிருந்தே வள்ளத்தில் இருக்க வேண்டும். கரைக்கு வந்ததும் அடியில் எவ்வளவு நீர் சேர்ந்தது என்று பார்த்து, கியர் எண்ணெயை மறுபடியும் சோதிக்க வேண்டும். நன்னீரில் எஞ்சினை அலசிய பின்பே அன்றைய வேலை முடிகிறது.

‘அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்று சிலர் சொல்லக் கேட்கலாம். தவக்குல் என்பது அடைப்பானைப் பூட்டாமல் கடலுக்குப் போவது அல்ல. பூட்டிய பின் வைக்கும் நம்பிக்கைதான் அது.

சகோதரிகளே! ‘இஞ்சருங்கோ, பின்பலகையை ஆட்டிப் பாத்தீங்களோ? தண்ணி பீச்சி வருதோ?’ என்று நீங்கள் கேட்டால் அது குறுக்கீடு ஆகாது. முதலில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இந்தப் பக்கத்தைக் கிழித்து வள்ளம் நிற்கும் இடத்துக்கு அனுப்பி வையுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து, பார்த்ததற்கு அடையாளமாக ஒரு கோடு போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். எல்லாக் கோடுகளும் விழுந்த பிறகு வள்ளம் தண்ணீரில் இறங்கட்டும்.