குடவோலையும் காலநிலையும்

ஊர்க் காரியங்களைத் தீர்மானிப்போரைத் தெரிந்தெடுக்கத் தேர்தல் ஒன்றே வழி என எண்ணுகிறோம். சீட்டெடுத்தலும் ஒரு வழியே. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரிலுள்ள முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் (கி.பி. 919, 921) இதனை விளக்குகின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். இவ்வாறு அமைந்த வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. எனினும், நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது.

நிற்க. காலநிலை மாற்றத்தைப் பற்றி ஆராய இன்று மேலைநாடுகள் கூட்டும் 'குடிமக்கள் அவை'யும் இத்தகையதே. அயர்லாந்தில் 2016-இல் அமைந்த அவையில், மக்கட்டொகையின் சிறு வடிவம்போல் 99 சாதாரண மக்கள் அமர்ந்தனர். 2017-இல் அவர்கள் அறிஞர் உரைகளைக் கேட்டு, வினவி, வாக்களித்தனர். கரியைப் பெரிதும் வெளிவிடும் செயல்களுக்குக் கூடுதல் வரி செலுத்த 80 விழுக்காட்டினர் இசைந்தனர். வாக்கிழப்புக்கு அஞ்சும் அரசியலார் சொல்லத் தயங்குவதைப் பொதுமக்களே சொல்லிவிட்டனர்! 2019 அக்டோபரில் அரசாங்கம் கரிவரியை உயர்த்தியது.

பிரான்சிலோ கதை வேறு. குலுக்கலில் தேர்ந்த 150 பேர் 2020-இல் 149 பரிந்துரைகளை அளித்தனர். 2021-இல் வந்த சட்டம் அவற்றுட் பலவற்றை நீர்க்கச் செய்தது. உறுப்பினர் மனம் கசந்தனர். அவையைக் கூட்டுவது எளிது. அதன் சொல்லுக்கு மறுமொழி கூறக் கடமைப்படுவதே அரிது என்பது இதனாற் பெறப்படும்.

இது நமக்கும் உரிய செய்தியாகும். 1957-இல் மாநகரான ஜார்ஜ் டவுனுக்கு டி. எஸ். இராமநாதன் முதல் மேயரானார். அந்நாளில் மக்கள் வாக்களித்தே நகர மன்றத்தினரைத் தேர்ந்தனர். 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. இன்று பினாங்குத் தீவின் மாநகர் மன்றத்தினரை மாநில அரசாங்கமே நியமிக்கின்றது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெருமழையும் வெள்ளமும் இத்தீவை வருத்தியதை மறந்தவர் யார்? குன்றுச் சரிவில் எதைக் கட்டலாம், வடிகாலுக்கு எவ்வளவு செலவிடலாம் என்பவை, வீட்டினுள் வெள்ளம் புகக் கண்டவரும் பேசவேண்டிய பொருள்கள் அல்லவா?

குடிமக்கள் அவை தேர்தலுக்கு மாற்றன்று, துணையே. ஆண், பெண், இனம், செல்வம் என்னும் வேறுபாடின்றி எல்லார் பெயரும் குடத்துள் விழவேண்டும். ஆளுவோர் அவ்வவையின் பரிந்துரை ஒவ்வொன்றுக்கும், குறித்த நாளுக்குள், ஏற்றோம் அல்லது மறுத்தோம் என்று காரணத்துடன் எழுதித் தரவேண்டும். இவ்விரண்டும் இல்லையேல் அவை வெறும் கூட்டமாய்க் கலையும்.