ஈடு ஈடாக வேகும் தூக்கம்

இட்லிக்கு இரண்டு காரியம் கூடிவர வேண்டும். மாவு புளிக்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும். மாவு பொங்கிப் பாத்திரம் வழிந்தாலும் அடுப்பு மூட்டாவிட்டால் இட்லி கிடையாது. அடுப்பு நன்றாக எரிந்தாலும் இப்போதுதான் அரைத்த மாவை ஊற்றினால் கல்லுக் கல்லாகத்தான் வரும். தூக்கமும் இதே கணக்குதான். 1982-இல் சூரிச்சைச் சேர்ந்த ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி இதை இரண்டு இயக்கங்கள் சேர்ந்து நடத்தும் வேலை என்று எழுதினார். தூக்க மருத்துவம் இன்றும் பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் போகிறது.

முதலில் மாவு. காலையில் கண் விழித்த நிமிடமே அது புளிக்கத் தொடங்கிவிடுகிறது. மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். பொழுது சாயும்போது கண் சொக்குவதற்கு அதுதான் காரணம். மத்தியானம் 20 நிமிடம் கண் அசந்தால் ஒரு கரண்டி மாவு எடுத்த மாதிரி, பெரிய நஷ்டமில்லை. 3 மணி நேரம் தூங்கினால் பாத்திரமே காலி. அப்புறம் ராத்திரி எதை ஊற்றுவது?

காபி மாவைத் தொடுவதே இல்லை. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. சமைக்கிறவருக்கு மூக்கு அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மாவு பாட்டுக்குப் புளித்துக்கொண்டிருக்கும், வாசனை மட்டும் எட்டாது. குடித்த கஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு ஃபிளாஸ்கில் வாங்கி வந்த காபி 11 மணிக்கும் பாதி உடம்பில்தான் இருக்கிறது.

அடுத்து அடுப்பு. மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிட்டுக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 செல்கள் சேர்ந்த ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. அடுப்பை எப்போது மூட்டுவது என்று முடிவு செய்வது அதுதான். பெரும்பாலானவர்களுக்கு அது 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது. ஆகவே தினமும் யாராவது முள்ளைத் திருத்தி வைக்க வேண்டும். காலை வெயில்தான் அதைச் செய்கிறது. இருட்டியபின் மெலடோனின் சுரந்து, அடுப்பு மூட்டும் வேளை வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்கிறது. அந்த நேரத்தில் முகத்துக்கு நேரே வெள்ளை டியூப் லைட் எரிந்தால் செய்தி போய்ச் சேராது. ஜன்னலே இல்லாத ஐ.சி.யூ.வில் பகலில் வெயிலும் கிடையாது, ராத்திரி இருட்டும் கிடையாது. அங்கே படுத்திருக்கும் பெரியவர், மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இனிதான் முக்கியமான இடம். ஒரு ராத்திரித் தூக்கம் ஒரே மொத்தமாக வேகிற பண்டமில்லை, ஈடு ஈடாக வேகிறது. ஒரு ஈட்டுக்குச் சுமார் 90 நிமிடம். ஒரு ராத்திரிக்கு 4 அல்லது 5 ஈடு. முதல் ஈடுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் அப்போதுதான் சுரக்கிறது. விடியற்காலை ஈடுகளில் கனவுத் தூக்கம் நீளும். கண் இமைக்குள் விழிகள் அங்கும் இங்கும் ஓடும் இந்தக் கட்டத்தை 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அறிவித்தார்கள். பாதி வெந்த ஈட்டின் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று எந்த வீட்டிலும் தெரியும். மறுபடி மூடி வைத்தாலும் அந்தப் பதம் திரும்பாது.

இப்போது வார்டுக்கு வருவோம். 10 மணிக்கு ஊசி. 12-க்கு பி.பி. 2 மணிக்கு ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோய் மாற்ற வேண்டும். 4-க்கு ஷுகர். 5 மணிக்கு லேப் ஆள் வந்து ரத்தம் எடுப்பார். 5.30-க்கு வாளியும் துடைப்பமுமாக வார்டைப் பெருக்கித் துடைக்க வருவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் குற்றமில்லை. சேர்த்துப் பார்த்தால், விடியும்வரை இரண்டு ஈடுகூடச் சேர்ந்தாற்போல வேகவில்லை. ராத்திரி முழுக்கக் கட்டிலில்தான் படுத்திருந்தார், அப்படியும் தூங்கவில்லையா என்று காலையில் கேட்பவர்களுக்கு இந்த அட்டவணையே பதில்.

இதைச் சரிசெய்யப் புது மெஷின் எதுவும் வாங்க வேண்டாம். மூடி சிஸ்டர் கையில் இருக்கிறது. 2 மணிக்குத் தீரப்போகும் பாட்டிலைப் பற்றி 10 மணிக்கே யோசிக்கலாம். பி.பி., ஷுகர், மருந்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துக்கொண்டு அடுத்த 90 நிமிடமாவது அந்தக் கட்டிலை விட்டுவிடலாம். நாளை வீட்டுக்குப் போகப்போகிற, உடம்பு தேறிய நோயாளிக்கு நடுராத்திரி பி.பி. தேவையா என்று மாலை ரவுண்ட்ஸிலேயே டாக்டரைக் கேட்டு எழுதி வாங்கலாம். ஆபரேஷன் முடிந்து வந்தவர், ரத்தம் ஏறிக்கொண்டிருப்பவர், மூச்சுத் திணறுகிறவர் விஷயம் வேறு. அவர்களை எழுப்பித்தான் ஆக வேண்டும், அதில் சமரசம் கூடாது. லேசிக்ஸ் போன்ற நீர் பிரியும் மாத்திரையை மாலையில் கொடுத்தால் ராத்திரி நாலு தடவை பாத்ரூமுக்கு நடப்பார். டாக்டரிடம் கேட்டு அதை மத்தியானத்துக்கு முன் மாற்றிக்கொள்வது நல்ல நர்சின் அடையாளம். வலி மருந்தைப் படுக்கும் நேரத்துக்குச் சரியாகக் கொடுத்தாலே பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

சத்தத்தை நாம் பொருட்படுத்துவதே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வார்டுக்கு இரவில் 30 டெசிபல் போதும் என்று எழுதியது. சாதாரணமாகப் பேசுவதே சுமார் 60. எண்ணெய் காணாத டிராலிச் சக்கரம், நர்ஸ் டெஸ்க்கில் அடிக்கும் போன், பார்க்க ஆளில்லாமல் கத்தும் மானிட்டர், அட்டெண்டர் செல்போனில் ஓடும் வீடியோ எல்லாம் அந்த 30-க்கு மேல்தான். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய நர்சிங் புத்தகத்தில் சத்தத்துக்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். அப்போது மானிட்டரும் இல்லை, செல்போனும் இல்லை.

தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. மாத்திரை மாவையும் புளிக்கவைக்காது, அடுப்பையும் திருத்தாது. சமைக்கிறவரை மயக்கிப் படுக்க வைக்கும். வயதானவர்கள் அந்த மயக்கத்தோடு எழுந்து பாத்ரூம் போய் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்கிறார்கள், அல்லது ஆள் தெரியாமல் பிதற்றுகிறார்கள். தூக்கத்துக்கென்று அலர்ஜி மருந்தான அவில் கொடுக்கும் பழக்கத்துக்கும் இது பொருந்தும். ஷரன் இனூயே தலைமையில் அமெரிக்காவின் யேல் மருத்துவமனையில் 70 வயது கடந்த 852 பேரிடம் செய்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. மாத்திரைக்குப் பதில் படுக்கும் நேரத்தில் சூடான பால் அல்லது மூலிகைத் தேநீர், மெல்லிய இசை, முதுகு நீவிவிடுதல். கூடவே நடக்க வைத்தல், கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிடுதல், தண்ணீர் குடிக்க வைத்தல் போன்றவை. இப்படிக் கவனித்தவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் மனக்குழப்பம் வந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் அது 15 சதவீதம்.

எல்லாக் கோளாறும் வார்டால் வருவதில்லை, வீட்டிலிருந்தே கொண்டுவருபவையும் உண்டு. தூக்கமின்மையில், வெந்ததா வெந்ததா என்று மூடியைத் திறந்து பார்ப்பவர் நோயாளியேதான். மணி பார்க்கிறார், கவலைப்படுகிறார், இன்னும் விழிக்கிறார். வாரத்துக்கு 3 ராத்திரியாவது, 3 மாதத்துக்கு மேல் இப்படிப் போனால் அது நாள்பட்டது. மாத்திரைக்கு முன் பழக்கத்தைத் திருத்தும் பேச்சு சிகிச்சைதான் முதலில் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் சொன்னது. கட்டிலில் கிடக்கும் நேரத்தையே குறைத்து மாவை நன்றாகப் புளிக்கவிடுவது அதில் ஒரு பகுதி. கால் குறுகுறுத்து ஆட்டிக்கொண்டே இருப்பவருக்கு இரும்புச்சத்து பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளிடமும் டயாலிசிஸ் நோயாளிகளிடமும் இது சகஜம். கனவில் கையும் காலும் வீசிப் பக்கத்தில் படுத்திருப்பவரை அடிப்பவரை நரம்பியல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

குறட்டை தனிக்கதை. குறட்டை விடும் சிலருக்குத் தொண்டை அடைத்து 10 விநாடிக்கு மேல் மூச்சு நின்று, திணறி, மறுபடி ஓடும். மணிக்கு 30 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் கடுமையான ஸ்லீப் ஆப்னியா. மூடி ராத்திரி முழுக்கத் திறந்து திறந்து மூடுகிறது, நோயாளிக்கோ நன்றாகத் தூங்கிய நினைப்பு. சிட்னியின் காலின் சல்லிவன் குழு 1981-இல் காட்டிய சீபாப் கருவி, மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கிறது. இந்த நோயை முதலில் கண்டுபிடிக்க வாய்ப்பு யாருக்கு? பகலில் ஸ்டெதஸ்கோப்போடு வரும் டாக்டருக்கு இல்லை. ராத்திரி 2 மணிக்கு டார்ச்சோடு நடந்து போகும் நர்சுக்குத்தான்.

அந்த நர்சின் தூக்கத்தை யார் பார்க்கிறார்கள் என்பது வேறு கேள்வி. நைட் டியூட்டி முடித்து வீடு திரும்பும்போது மாவு வழிகிறது, அடுப்போ அணைந்துவிட்டது. இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-இல் சேர்த்தது, 2019-இல் அதை உறுதி செய்தது. வீடு திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி, அறையில் கனத்த திரை, டியூட்டிக்கு முன் ஒரு குட்டித் தூக்கம் ஆகியவை கொஞ்சம் உதவும். தொடர்ந்து ஏழெட்டு நைட் போடாமல் இருப்பது அதைவிட உதவும், ஆனால் அது நர்ஸ் கையில் இல்லை.

உங்கள் வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்தால், அவர் எத்தனை மணிக்குப் படுப்பார், ராத்திரி எத்தனை தடவை எழுவார் என்று வார்டு சிஸ்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்பவராக இருந்தால், ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடமும் மறக்காமல் சொல்லுங்கள். மயக்க மருந்தும் பலமான வலி மருந்தும் அந்தத் தொண்டையை இன்னும் தளர்த்தும்.